புல் வளர்க்கவும் வாடகை



"அமெரிக்காவில் நிலத்தை உழாமல் சும்மா போட்டுவைத்தால் அரசாங்கமே பணம் கொடுக்கிறதாமே, நிஜந்தானா?" என்று கேட்டுச் சில மாதங்களாகவே உங்களிடமிருந்து கடிதங்கள் வருகின்றன. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏதோ ஒரு செய்தி கிளப்பிவிட்ட கேள்வி. உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "எங்கள் ஊரில் பாதி நிலம் தரிசாகத்தான் கிடக்கிறது. எந்த ஆபீசில் மனு கொடுப்பது?" என்று எழுதியிருக்கிறார். கிண்டல்தான். ஆனாலும் அதற்குள் ஓர் ஆதங்கம் இருக்கிறது. இந்த மாதப் பக்கத்தை அவருக்கான பதிலாகவே எழுதிவிடுகிறேன்.

பணம் கொடுப்பது நிஜம். சும்மா கொடுப்பதில்லை.

'கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம்' என்று பெயர். 1985ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டத்தில் வந்தது. மழையிலும் காற்றிலும் சுலபமாக அரித்துக்கொண்டு போகும் விளைநிலத்தை, 10 முதல் 15 ஆண்டுகளுக்குச் சாகுபடி செய்வதில்லை என்று உழவர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார். நிலம் அவருடையதாகவே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வாடகை வரும். அந்த வட்டாரத்தில் மானாவாரிக் குத்தகை என்ன போகிறது, மண் எவ்வளவு விளையும் என்று பார்த்து வாடகையை முடிவு செய்கிறார்கள். பதிலுக்கு அவர் புல் விதைக்க வேண்டும், அல்லது மரம் நட வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கும். களை மண்டவிடக் கூடாது. பறவை கூடு கட்டும் பருவத்தில் அரிவாளோ எந்திரமோ உள்ளே இறங்கக் கூடாது. நடுவில் மனம் மாறி உழுதுவிட்டால், வாங்கிய வாடகையை வட்டியோடு திருப்பிக் கட்டி, அதற்கு மேல் அபராதமும் அழ வேண்டும். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் போடமாட்டார்கள்.

திட்டத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒரு கவுண்டியின், அதாவது நம் ஊர்க் கணக்கில் ஒரு சிறு மாவட்டத்தின், விளைநிலத்தில் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் இதில் சேர்க்க முடியாது. எல்லோரும் வாடகையை வாங்கிக்கொண்டு உழவை நிறுத்திவிட்டால் அந்த ஊர் விதைக்கடை என்னாவது? உரக்கடை, டிராக்டர் பட்டறை, அறுவடை எந்திரம் ஓட்டுகிறவர் எல்லாரும் எங்கே போவது? உழவை நம்பி உழாதவர்களும் பிழைக்கிறார்கள் என்பது சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

2007இல் இந்தத் திட்டம் உச்சத்தைத் தொட்டபோது அதில் இருந்த நிலம் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு, மலை, காடு, ஏரி, ஊர், ரோடு எல்லாம் சேர்த்தே சுமார் 3 கோடியே 21 லட்சம் ஏக்கர்தான். டகோட்டா மாநிலங்களிலும் மொன்டானாவின் வடகிழக்கிலும் இந்தப் புல்வெளிகளால் மட்டும் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான காட்டு வாத்துகள் கூடுதலாகப் பெருகின என்று அந்நாட்டு வனவுயிர்த் துறையினர் கணக்குப் போட்டார்கள். பிறகு மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கும் வேகம் கூடியது. சோள விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் புதுப்பிக்கவில்லை. பத்து பதினைந்து ஆண்டுகள் புல் வளர்ந்த நிலத்தில் கலப்பை இறங்கியது. அரசு தரும் வாடகை சந்தை விலையோடு போட்டி போட முடியாது. எந்த நாட்டு உழவரும் அந்தக் கணக்கை அப்படித்தான் போடுவார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, மண்ணைக் காப்பதற்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று ஓர் அரசாங்கத்துக்கு எப்படித் தோன்றியது?

தானாகத் தோன்றவில்லை. புழுதி வந்து முகத்தில் அறைந்த பிறகுதான் தோன்றியது. முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமை விலை எகிறியது. டெக்சாஸ், ஓக்லஹோமா, கன்சாஸ் மாநிலங்களின் புல்வெளிகளை டிராக்டர் போட்டுப் புரட்டினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணைப் பிடித்துவைத்திருந்த புல்லின் வேர் போயிற்று. 1930களில் விலையும் விழுந்தது, மழையும் பொய்த்தது. காற்றடித்தபோது மேல்மண் கிளம்பிவிட்டது. ஜன்னல்களில் ஈரத்துணி கட்டினார்கள். சாப்பாட்டு மேசையில் தட்டுகளைக் கவிழ்த்தே வைத்து, சோறு பரிமாறும் நேரத்தில்தான் நிமிர்த்துவார்கள். 1934 மே மாதத்தில் கிளம்பிய ஒரு புயலின் புழுதி நியூயார்க்கைத் தாண்டி அட்லாண்டிக்கில் போன கப்பல்களின் மேல்தளத்தில் படிந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் தேதி அடித்த புயலுக்குக் 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர். பட்டப்பகலில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் முகம் தெரியவில்லை.

ஹியூ ஹம்மண்ட் பென்னட் என்ற மண் ஆய்வாளர் இதற்கு வெகுமுன்பே கத்திக்கொண்டிருந்தார். வட கரோலினாவில் பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1928லேயே மண் அரிமானத்தைத் தேசத்துக்கு வந்த ஆபத்து என்று அரசு வெளியீட்டிலேயே எழுதினார். செனட் குழுவின் முன் அவர் சாட்சி சொன்னதைப் பற்றி ஒரு கதை உண்டு. மேற்கிலிருந்து புழுதிப் புயல் வாஷிங்டனை நோக்கி வருவதை அவர் முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தாராம். புள்ளிவிவரம் மேல் புள்ளிவிவரமாக அடுக்கிப் பேச்சை இழுத்துக்கொண்டே போனாராம். ஒரு கட்டத்தில் வெளியே வானம் இருண்டது. உறுப்பினர்கள் எழுந்து ஜன்னலுக்குப் போனார்கள். சொல்லிச் சொல்லி மெருகு ஏறிய கதையாக இருக்கலாம். ஆனால் கறுப்பு ஞாயிறு முடிந்து பதின்மூன்றாம் நாள், 1935 ஏப்ரல் 27ஆம் தேதி, மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கென்று தனித் துறையும் வந்தது, பென்னட் அதன் தலைவரானார்.

இந்த வரலாற்றில் இன்னொரு கிளை இருக்கிறது, அது இவ்வளவு அழகானதல்ல. விலை வீழ்ச்சியைத் தடுக்க 1933இல் அரசு வேறொரு வழி கண்டது: விளைச்சலைக் குறைத்தால் பணம். நட்டு வளர்ந்த பருத்தியை உழுது அழிக்கச் சொன்னார்கள். கோவேறு கழுதைகள் ஏரோட்டத்தில் செடி வரிசையை மிதிக்கக் கூடாது என்று பழக்கப்பட்டவை; பருத்தி மேல் நடக்கச் சொன்னால் அவை அடம்பிடித்து நின்றன என்று சொல்வார்கள். சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளை வாங்கிக் கொன்றார்கள், நகரங்களில் ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில். 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது: பயிரைக் குறைப்பதற்குப் பணம் கொடுக்கக் கூடாதென்றால், மண்ணைத் தேற்றும் பயிர் போடுவதற்குக் கொடுக்கிறோம். மண் மேல் வந்த பாசம் பாதி, நீதிமன்றத்தைச் சுற்றிப் போகும் வழி பாதி. நல்ல திட்டங்கள் எல்லாம் நல்ல எண்ணத்திலேயே பிறக்க வேண்டும் என்றில்லை. நம் ஊரிலும் தேர்தலுக்காகப் பிறந்து நன்றாக ஓடும் திட்டங்கள் உண்டே.

விஸ்கான்சின் மாநிலத்தில் கூன் வேலி என்றோர் இடம். செங்குத்தான சரிவுகள், நார்வேயிலிருந்து வந்து குடியேறிய பால்மாட்டு விவசாயிகள். மேலிருந்து கீழாக உழுது உழுது, ஒவ்வொரு மழைக்கும் ஓடை மண்ணால் நிரம்பிக்கொண்டிருந்தது. 1933இல் நாட்டின் முதல் மண்காப்புத் திட்டம் இங்கேதான் தொடங்கியது. 400க்கும் மேற்பட்ட விவசாயிகள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். ஒரு பட்டை சோளம், ஒரு பட்டை புல், மறுபடி சோளம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். மேட்டுக் காட்டுக்குள் மாடு போகக் கூடாது. அரசு கொடுத்தது வேலி, விதை, சுண்ணாம்பு, வேலையற்ற இளைஞர்களின் உழைப்பு. இன்று அந்த ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள். நீலகிரியில் உருளைக்கிழங்குச் சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதில் பென்னட்டின் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைப்பது வேறு. வாஷிங்டனிலிருந்து கட்டளை போட்டால் எந்த விவசாயியும் கேட்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். அதனால் 1937இல் தொடங்கி, விவசாயிகளே நடத்தும் மண் பாதுகாப்பு வட்டங்கள் உருவாயின. முதலாவது, அவர் பிறந்த ஆன்சன் கவுண்டியில். இன்று நாடெங்கும் சுமார் 3,000 வட்டங்கள். துறையின் ஆள் வயலுக்கு வந்து உங்களோடு நடந்து, மண்ணைத் தோண்டிப் பார்த்து, திட்டம் போட்டுக் கொடுப்பார். அதற்குக் கட்டணம் கிடையாது. அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம்.

அந்த ஆட்கள் கூட்டங்களில் செய்துகாட்டும் ஒரு சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர். வாயில் கம்பிவலைத் துண்டு, பாதி தண்ணீருக்குள் தொங்க வேண்டும். ஒன்றில் வருஷத்துக்கு நாலு முறை உழுகிற வயலின் காய்ந்த மண்கட்டி; இன்னொன்றில் வரப்போரம் புல் முளைத்து உழவு படாத இடத்துக் கட்டி. மெதுவாக வையுங்கள். உழுத மண் பெரும்பாலும் சில நிமிஷத்தில் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடும். வேர் இருக்கும் கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கும். வேரும் மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்களும் சுரக்கும் பசைதான் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. தக்கைப்பூண்டும் சணப்பையும் போட்டு மடக்கி உழச் சொல்லி நம் வேளாண் அலுவலர்கள் தொண்டை வறளச் சொல்வதும் இந்த மண்ணைத் தேற்றத்தான். தமிழ்நாடு அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதை கொடுப்பதும் அதற்குத்தான்.

உழவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மேற்கே போகப் போக அங்கே மாட்டுப் பண்ணைக்காரர்கள்தான் அதிகம். அவர்களுக்கான உதவிகளில் விசித்திரமானது, வரைபடத்தை வைத்துக் கொடுக்கும் வறட்சி நிவாரணம். 1999இலிருந்து வாரந்தோறும் வியாழக்கிழமை நாட்டின் வறட்சி வரைபடம் ஒன்று வெளியாகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உள்ள மையமும் மத்திய அரசுத் துறைகளும் சேர்ந்து தயாரிக்கின்றன. மஞ்சள் என்றால் வழக்கத்தைவிட வறண்ட நிலை, ஆரஞ்சு கடுமையான வறட்சி, சிவப்பு அதைவிடக் கடுமை, கருஞ்சிவப்பு உச்சம். மேய்ச்சல் பருவத்தில் உங்கள் கவுண்டி எந்த நிறத்தில் எத்தனை வாரம் இருந்தது என்பதைப் பொறுத்து, மாட்டுக்கு இவ்வளவு என்று தீவனப் பணம். அதிகாரி வந்து காய்ந்த புல்லைப் பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டியதில்லை. நம் பயிர்க் காப்பீட்டில் அறுவடைப் பரிசோதனைக்காகக் காத்திருந்து பழகியவர்களுக்கு இது சொர்க்கம் மாதிரித் தோன்றும். அங்கேயும் 'பக்கத்துக் கவுண்டி சிவப்பு, நாங்கள் மட்டும் ஏன் ஆரஞ்சு?' என்ற சண்டை இல்லாமலில்லை.

சட்டம் தூங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் அங்கே இருக்கிறது. 2013 அக்டோபர் முதல் வாரம். தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் மாடுகள் கோடை மேய்ச்சலில் இருந்தன. குளிர்காலத்து அடர்ந்த ரோமம் இன்னும் வளரவில்லை. முதலில் மழை கொட்டி மாடுகள் தொப்பலாக நனைந்தன. அதன் மேல் பனிப்புயல் அடித்தது. பல்லாயிரம் மாடுகள் வேலியோரத்திலும் ஓடைப் பள்ளத்திலும் செத்துக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து வரவு செலவுச் சண்டையில் மத்திய அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. கால்நடை இழப்பீட்டுத் திட்டமோ காலாவதியாகி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பண்ணைக்காரர்கள், என்றைக்காவது பணம் வரும் என்ற நம்பிக்கையில், செத்த ஒவ்வொரு மாட்டின் காதுத் தோட்டையும் படம் பிடித்துவைத்தார்கள். 2014 பிப்ரவரியில் வந்த புதுப் பண்ணைச் சட்டம் அந்தத் திட்டத்தை நிரந்தரமாக்கி, நடந்து முடிந்த இழப்புக்கும் சேர்த்து, சந்தை மதிப்பில் 75 சதவீதம் கொடுக்க வழி செய்தது. படம் எடுத்துவைத்தவர்கள் பிழைத்தார்கள். வெள்ளத்தில் ஆடு மாடு போனால் முதலில் செல்போனை எடுங்கள் என்று நாமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

உதவி கிடைக்கும் விதத்தில் நமக்குப் பழக்கமான சிக்கல் ஒன்றும் உண்டு. ஓடைக்கு வேலி போட, மேய்ச்சல் நிலத்தைத் தடுப்புகளாகப் பிரித்து மாட்டைச் சுழற்சி முறையில் மேய்க்க, தண்ணீர்த் தொட்டி கட்ட, செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கும். புதிதாக வந்தவர்கள், வசதி குறைந்த விவசாயிகள் என்றால் 90 சதவீதம் வரை போகும். ஆனால் முதலில் கைக்காசு போட்டு வேலையை முடித்து, பிறகுதான் வாங்க வேண்டும். பின்னேற்பு மானியம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கையில் காசு இல்லாதவருக்கு 90 சதவீத மானியமும் ஒன்றுதான், பூஜ்யமும் ஒன்றுதான். அதனால் அந்தப் பிரிவினருக்கு மட்டும் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுக்கும் ஏற்பாடு பிறகு வந்தது.

இனி நான் சொல்லப்போவதுதான் உளுந்தூர்பேட்டைப் பெரியவருக்கு முக்கியம்.

அமெரிக்கப் பண்ணை உதவிகளில் பெரும்பகுதி உள்ளூர் அலுவலகம் வழியாகத்தான் போகிறது. அதை மேற்பார்வை பார்க்க ஒவ்வொரு கவுண்டியிலும் விவசாயிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குழு இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. உன் கிணறு வற்றியது பக்கத்து வயல்காரருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் அதே பக்கத்து வயல்காரருக்கு நீ யார், உன் நிறம் என்ன என்பதும் தெரியும். தென் மாநிலங்களில் இந்தக் குழுக்கள் பல பத்தாண்டுகள் வெள்ளையர்கள் கையிலேயே இருந்தன. கறுப்பின விவசாயியின் கடன் மனு மேசையிலேயே கிடக்கும். விதைக்கும் பருவம் போன பிறகு பணம் வரும், அல்லது வரவே வராது. 1920இல் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகள் 9 லட்சத்துக்கும் மேல். இன்று ஐம்பதாயிரத்தை எட்டவில்லை. எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றே காரணமில்லை. ஆனால் இது பெரிய காரணம். திமோதி பிக்ஃபோர்டு என்ற வட கரோலினா விவசாயி மற்றவர்களோடு சேர்ந்து தொடுத்த வழக்கில் 1999இல் அரசு சமரசத்துக்கு வந்தது. கடைசியில் இழப்பீடாகக் கொடுத்தது நூறு கோடி டாலருக்கு மேல். அதற்குள் நிலம் கைமாறிவிட்டது.

நிறம் மட்டுமல்ல, காகிதமும் ஆளை வெளியே நிறுத்தியது. 1933 பருத்தித் திட்டத்தில் பணம் நிலச்சுவான்தார் பெயருக்குத்தான் போனது. வாரத்துக்கு உழுகிறவருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தும், பலர் கொடுக்காமல் ஆளையே நிலத்தைவிட்டு விரட்டினார்கள். அதை எதிர்த்து 1934இல் ஆர்கன்சாஸ் மாநிலம் டைரோன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகச் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அது சாதாரண துணிச்சல் அல்ல. இன்னொன்று: உயில் எழுதாமல் இறந்துபோன தாத்தாவின் நிலம், பேரன் பேத்திகள் பத்துப் பேருக்குப் பொதுவாகக் கிடக்கும். உழுகிறவர் ஒருவர். உரிமைப் பத்திரம் காட்ட முடியாததால் அவருக்குப் பண்ணை எண் கிடைக்காது. எண் இல்லாவிட்டால் கடனும் இல்லை, நிவாரணமும் இல்லை. 2018 பண்ணைச் சட்டம்தான் வேறு ஆவணங்களைக் காட்டியும் எண் வாங்கலாம் என்று கதவைத் திறந்தது.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வீர்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் பிரதமரின் கிசான் திட்டம் சொந்த நிலம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான். குத்தகைதாரரைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969லிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யச் சம்மதிக்கும் நில உரிமையாளர் எத்தனை பேர்? வாய்ப்பேச்சுக் குத்தகைதான் வழக்கம். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரர் சேரலாம் என்று விதி சொல்கிறது. அடங்கல் வாங்க விஏஓ அலுவலகத்துக்கு நடக்கும்போதுதான் விதியின் நிஜ முகம் தெரியும்.

பெரியவரே, அமெரிக்காவைப் பார்த்து அப்படியே நாமும் நிலத்துக்கு வாடகை கேட்க முடியாது. அங்கே சராசரிப் பண்ணை 460 ஏக்கருக்கு மேல். தமிழ்நாட்டில் சராசரி இரண்டு ஏக்கர்கூட இல்லை. இரண்டு ஏக்கரில் எதைப் புல்லுக்கு விடுவது? நம் ஊருக்கு ஏற்ற மாதிரி, வரப்பு உயர்த்துவதற்கும், பண்ணைக்குட்டை வெட்டுவதற்கும், பசுந்தாள் மடக்கி உழுவதற்கும், ஓடைக்கரையில் மரம் வைத்துப் பத்து வருஷம் வெட்டாமல் காப்பதற்கும் ஏக்கருக்கு இவ்வளவு கூலி என்று கேட்கலாம். கேட்க வேண்டும். அந்தக் கூலி யார் பெயருக்குப் போகும் என்பதையும் கேட்கும்போதே சேர்த்துக் கேட்க வேண்டும். பத்து வருஷம் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் ஒருவராகவும், பணம் வாங்குகிறவர் சென்னையில் இருக்கும் இன்னொருவராகவும் ஆகிவிடக் கூடாது.

இது தொடர்பாக ஒரு வேண்டுகோள். குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுகிற வாசகர்கள், பட்டா பெயர் மாறாத நிலத்தில் உழுகிறவர்கள், எந்த உதவிக்காவது மனு கொடுத்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எந்தத் திட்டம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், என்ன ஆவணம் கேட்டார்கள், திருப்பி அனுப்பியிருந்தால் சொன்ன காரணம் என்ன என்று இருந்தால் போதும். கிடைத்தவர்களும் எழுதுங்கள், எப்படிக் கிடைத்தது என்பது மற்றவர்களுக்குப் பெரிய உதவி. பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். வரும் கடிதங்களைத் தொகுத்து, விவரம் தெரிந்த வருவாய்த்துறைக்காரர் ஒருவரிடம் பதில் வாங்கிப் போடலாம் என்றிருக்கிறோம். ஆவணங்களின் நகலை மட்டும் இணையுங்கள். போன முறை ஒருவர் அசல் பட்டாவையே தபாலில் அனுப்பிவிட்டார். பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியாயிற்று.

அன்புடன்,
ஆசிரியர்